கமாவில் பிரித்தால் போதுமா?

மொபைல் போனில் உள்ள முகவரிப் பட்டியலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தாலோ, வங்கிக் கணக்கின் வரவு செலவை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக் கொண்டாலோ, அந்த பைலின் பெயர் பல வேளைகளில் சிஎஸ்வி என்று முடியும். கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால், டபுள் கிளிக் செய்தவுடன் அது கட்டம் கட்டமாகத் திரையில் வந்து நிற்கும். இதனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதனை எக்ஸெல் பைல் என்றே எண்ணிக் கொள்கின்றனர். அதே பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துக்களும் நடுநடுவே கமாவும்தான் இருக்கும். கமாவால் பிரிக்கப்பட்ட மதிப்புகள் என்பதே அந்த மூன்று எழுத்துக்களின் பொருள்.

இந்த எழுத்துக் கூட்டத்தைப் படித்து, எது பெயர், எது ஊர், எது தொகை எனப் பிரித்துத் தரும் வேலையைப் பார்சிங் என்கிறார்கள். பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தபோது பதம் பிரித்திருப்பீர்கள். தாமரை என்பதை அப்படியே விட்டால் பூ. தா, மரை எனப் பிரித்தால் தாவுகின்ற மான். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பிரித்த விதம் மாறியதால் பொருள் மாறிவிட்டது. டேட்டாவிலும் இதே கதைதான்.

ஒவ்வொரு புரோகிராமரும் இந்த வேலைக்குப் புதிதாகப் புரோகிராம் எழுதிக் கொண்டிருக்க முடியாது. வீட்டில் மிளகாய் வறுத்து அரைக்காமல் கடையில் சாம்பார் பொடி வாங்கிக் கொள்வது போல, ஏற்கனவே எழுதி வைத்த பகுதியை எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக் கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் லைப்ரரி. பொடியில் கல் இருந்தால் அதை வாங்கிய எல்லா வீட்டுச் சாம்பாரிலும் கல் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான் சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் சி மொழியில் இப்படி ஒரு சிறு லைப்ரரி எழுதி, ஓப்பன் சோர்ஸ் முறையில் வெளியிட்டு வருகிறேன். அதாவது, அதன் மூல வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், தங்கள் புரோகிராமில் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது. பைதான் மொழியில் 2003ல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே இதற்கான பகுதி உண்டு. சி மொழியிலும் பல உள்ளன. பிறகு ஏன் இன்னொன்று என்று கேட்கலாம். தமிழ்ப் பெயர்கள் நிறைந்த பைல்களைக் கொண்டு முதல் நாளிலிருந்தே சோதிக்கப்பட்ட ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. எழுத ஒரு வாரம் ஆனது. சோதனை இன்னும் முடியவில்லை.

எழுதுவது சுலபம் என்று தோன்றக் காரணம், கமா வரும் இடத்தில் வெட்டினால் போதும் என்ற எண்ணம். கீழே உள்ள வரியைப் பாருங்கள்.

கண்ணன்,வடக்கு மாசி வீதி, மதுரை,1500

பெயர், முகவரி, பாக்கித் தொகை என மூன்று தகவல்கள்தான். ஆனால் கமாவில் வெட்டினால் நான்கு கிடைக்கும். தொகை இருக்க வேண்டிய இடத்தில் மதுரை வந்து உட்கார்ந்து கொள்ளும். இதற்காகத்தான், கமா உள்ள தகவலை டபுள் கோட் குறிகளுக்குள் எழுத வேண்டும் என்ற வழக்கம் வந்தது.

கண்ணன்,"வடக்கு மாசி வீதி, மதுரை",1500

சரி, தகவலுக்குள்ளேயே டபுள் கோட் வந்தால்? டிவி கடைக்காரர் 21 இன்ச் என்பதை 21" என்று எழுதுவார். அப்போது அந்தக் குறியை இரண்டு முறை போட வேண்டும். "21"" டிவி" என்று பைலில் இருந்தால் 21" டிவி என்று படிக்க வேண்டும். கோட் குறிகளுக்குள் என்டர் தட்டிய அடுத்த வரியும் வரலாம். அது புதிய வரி அல்ல, அதே முகவரியின் தொடர்ச்சி. சிஎஸ்வி 1970களிலிருந்தே புழக்கத்தில் இருந்தாலும், இந்த விதிகளை 2005 அக்டோபரில்தான் ஆர்எப்சி 4180 என்ற ஆவணத்தில் ஒழுங்காக எழுதி வைத்தார்கள். அதுவும் கட்டாயமான தர விதி அல்ல. வழக்கத்தைப் பதிவு செய்த குறிப்புதான். ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவதால், அங்கே எக்ஸெல் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளியை வைத்துப் பிரிக்கிறது. பெயர் மட்டும் சிஎஸ்விதான்!

வரி முடிவதிலும் ஒற்றுமை இல்லை. விண்டோஸ் ஒரு வரியை முடிக்க இரண்டு குறியீடுகளை எழுதும். லினக்ஸ் ஒன்றுதான் எழுதும். பழைய மேக் கம்ப்யூட்டர்களும் ஒன்றுதான் எழுதின, ஆனால் அது வேறு ஒன்று. மூன்றையும் லைப்ரரி புரிந்து கொள்ள வேண்டும்.

தமிழுக்கு வருவோம். யூடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. மு என்பது ம, உகரக் குறி என இரண்டு குறியீடுகள். இப்படிக் கணக்கிட்டால் முருகன் என்ற பெயரில் ஏழு குறியீடுகள், 21 பைட். பெரிய பைலை யாரும் ஒரே வாயில் விழுங்குவதில்லை. 4096 பைட், 4096 பைட் எனத் துண்டு துண்டாகப் படிப்பார்கள். 4096 என்ற எண் மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே தமிழ் பைலில் துண்டின் எல்லை ஓர் எழுத்தின் நடுவே விழ எல்லா வாய்ப்பும் உண்டு. துண்டு துண்டாகவே எழுத்துக்களை மாற்றும் புரோகிராம், அந்த இடத்தில் கறுப்பு டயமண்டில் கேள்விக்குறி போட்டுவிடும். ஆங்கில பைலை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. எனவே என் சோதனைகளில் ஒன்று இது: ஒரே பைலை முதலில் முழுதாகக் கொடுக்கிறேன், பிறகு பைட் பைட்டாகக் கொடுக்கிறேன். இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அடுத்தது, வேண்டுமென்றே கெடுத்த பைல்களைக் கொடுப்பது. இதற்கு பஸ்ஸிங் என்று பெயர். 1988ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடி மழை இரவில் போன் லைன் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் வேலை செய்து கொண்டிருந்தார். லைனில் வந்த இரைச்சலால் அவர் தட்டும் எழுத்துக்கள் கெட்டன. அதனால் புரோகிராம்களே நின்று போயின. இதைக் கண்டவர், தாறுமாறான எழுத்துக்களைக் கொடுத்தே புரோகிராம்களைச் சோதிக்கும் வேலையை மாணவர்களுக்குத் தந்தார். யூனிக்ஸ் கருவிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தன என 1990ல் கட்டுரை வெளிவந்தது. ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளை இப்படி ஓயாமல் சோதிக்க, 2016ல் கூகுள் இலவச ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. நான் என் பழைய கம்ப்யூட்டரை இரவு முழுக்க ஓட விடுவதோடு சரி. மின்கட்டணத்தையும் பார்க்க வேண்டுமே!

இதில் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. ஆயிரம் வரி கொண்ட பைலில், பத்தாம் வரியில் திறந்த டபுள் கோட் எங்குமே மூடப்படவில்லை என்று வைத்துக் கொள்வோம். விதிப்படி பார்த்தால் மீதி 990 வரிகளும் ஒரே முகவரி! சில லைப்ரரிகள் எப்படியோ ஊகித்துச் சமாளிக்கும். சில, புரியாத வரியைச் சத்தமின்றித் தள்ளிவிடும். என் லைப்ரரி, பத்தாம் வரியில் திறந்த கோட் மூடப்படவில்லை என்று சொல்லி நின்று விடும். புரோகிராம் நின்றால் பயனாளர் திட்டுவார், உண்மைதான். ஆனால் சத்தமில்லாமல் தொலைவது அதைவிட மோசம். 2020ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி பைல்களை எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக்கு மாற்றிக் கொண்டிருந்தது. அந்த வகையில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனா உறுதியான 15,841 பேர் கணக்கில் வராமல் போயினர். நோயாளிகளுக்கு முடிவு தெரிந்திருந்தது. அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது. திரையில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இன்னொரு முடிவு, எண் போல இருப்பதை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே தருவது. எக்ஸெலில் டபுள் கிளிக் செய்து திறந்தால், 0452 என்று தொடங்கும் மதுரை போன் எண்ணில் முதல் பூஜ்ஜியம் காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே தொல்லை. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை எக்ஸெல் தேதியாக மாற்றியது. கடைசியில் 2020ல் மரபணுக்களுக்குத்தான் பெயரை மாற்றினார்கள்!

இதைத் தவிர்க்க, டபுள் கிளிக் செய்யாமல், எக்ஸெலில் டேட்டா மெனு சென்று டெக்ஸ்ட் பைலிலிருந்து பெறும் வசதியைத் தேர்ந்தெடுத்து, போன் எண் உள்ள நெட்டு வரிசையை டெக்ஸ்ட் எனக் குறிக்கவும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், சிஎஸ்வி பைலைத் திறக்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுகிறது. தமிழ் எழுத்துக்கள் சிதைந்து தெரிந்தால் அங்கேயே யூடிஎப்-8 என மாற்றலாம்.

ஏதேனும் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் உங்கள் பைலைத் தவறாகப் படித்தால், அந்த பைலை அழித்துவிடாதீர்கள். எழுதியவர்களுக்கு அதுதான் தேவை. அதைச் சோதனைத் தொகுப்பில் சேர்த்து, ஒவ்வொரு புதிய பதிப்பையும் அதைக் கொண்டு சோதிப்பார்கள். ஆனால் வங்கிப் பட்டியலை அப்படியே அனுப்பக் கூடாது. நகல் எடுத்து, நோட்பேடில் திறந்து, பெயர்களையும் எண்களையும் மட்டும் மாற்றுங்கள். கமா, கோட் குறி, வரி முடிவு எதையும் தொட வேண்டாம். எக்ஸெலில் திறந்து சேவ் செய்யவும் வேண்டாம்; அது எல்லாவற்றையும் தன் வழக்கப்படி திருத்தி எழுதிவிடும், தவறும் மறைந்துவிடும். சாப்ட்வேரின் பதிப்பு எண், எந்த வரியில் கோளாறு, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும்.