ஜூனில் மயக்கும் வீடு ஜனவரியில் எப்படி இருக்கும்?
பிரான்சு நாட்டுக் கிராமத்தில் வாடகை வீடு பிடிக்கும் விதம்

கல்லால் கட்டிய வீடு. சிவப்பு ஓட்டுக் கூரை. சன்னல்களுக்கு நீல நிறக் கதவு. வாசலில் ரோஜாக் கொடி. சுற்றிலும் கோதுமை வயல். வாடகையோ, பாரீஸ் நகரத்தில் ஒற்றை அறைக்குக் கேட்பதை விடக் குறைவாகக் கூட இருக்கும்!

இப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

பிரான்சு நாட்டில் நகரத்துச் சந்தடி பிடிக்காமல் கிராமத்துக்குக் குடிபோகிறவர்கள் பலர். கோடை விடுமுறையில் ஊர் சுற்ற வருவார்கள். வீட்டைப் பார்ப்பார்கள். மயங்குவார்கள். கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு நவம்பர் மாதம் வரும். அப்போதுதான் வீடு தன் உண்மையான முகத்தைக் காட்டும்!

விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள், தெரியுமா? மழை பெய்யும் நாளாகப் பார்த்து வீடு பார்க்கப் போகிறார்கள். முடிந்தால் ஜனவரி மாதத்திலேயே போகிறார்கள்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள்

பழைய கிராமத்து வீடுகளின் சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும். கோடையில் உள்ளே நுழைந்தால் குளுகுளு என்று இருக்கும். குளிர்காலத்தில் அதே சுவர்தான் எதிரி. அதைச் சூடாக்குவதற்குள் விறகு தீர்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் கல்லுக்குக் கல் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டினார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். பிற்காலத்தில் வந்தவர்கள் பலர் அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியே போக வழி இல்லை. உள்ளே வருகிறது! சுவரின் அடிப்பாகத்தில் சாயம் உரியும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பூக்கும். குழந்தைகள் படுக்கும் அறையில் இப்படி இருந்தால் இருமலும் இளைப்பும் தேடி வரும்.

ஆகவே, கையால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருக்கிறதா? ஏன் என்று கேளுங்கள்!

வாடகை மட்டும் வாடகை அல்ல

வீட்டைச் சூடாக்க என்ன இருக்கிறது? இதுதான் முதல் கேள்வி. சில வீடுகளில் விறகு அடுப்பு. சிலவற்றில் எண்ணெய்க் கொதிகலன். சிலவற்றில் காஸ் தொட்டி. மற்றவற்றில் சுவரில் மாட்டிய மின்சாரப் பெட்டி. பழைய மின்சாரப் பெட்டிகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர் "ரொட்டி சுடும் பெட்டி"! சட்டென்று சூடாகும். சட்டென்று ஆறும். மின்சாரக் கட்டணம் மட்டும் ஆறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு வாடகை மாதம் 600 யூரோ. சூடாக்கும் செலவு 250 யூரோ. இன்னொரு வீட்டுக்கு வாடகை 720 யூரோ. சூடாக்க 80 யூரோ. எது மலிவு? முதல் வீட்டுக்கு 850. இரண்டாவது வீட்டுக்கு 800. வாடகை அதிகமான வீடுதான் மலிவு!

இந்தக் கணக்குக்குச் சட்டமே கைகொடுக்கிறது. பிரான்சில் வாடகைக்கு விடும் வீட்டுக்கு மார்க்குப் போடுகிறார்கள். நன்றாகச் சூட்டைக் காக்கும் வீட்டுக்கு 'ஏ'. மிக மோசமான வீட்டுக்கு 'ஜி'. வீட்டு விளம்பரத்திலேயே இந்த எழுத்து இருக்க வேண்டும். ஆண்டுக்கு எரிபொருள் செலவு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடும் இருக்க வேண்டும்.

2025 ஜனவரி 1 முதல் 'ஜி' வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. 2021-ல் வந்த சட்டம் 'எப்' வீட்டுக்கு 2028 என்றும், 'இ' வீட்டுக்கு 2034 என்றும் கெடு வைத்தது. 'எப்', 'ஜி' வீடுகளுக்கு வாடகையை உயர்த்துவதற்கு 2022 ஆகஸ்டு முதலே தடை.

ஆனாலும் காகிதத்தில் உள்ள எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு குடியிருந்தவர் கட்டிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

விறகு அடுப்பு என்றால் வேலையும் உண்டு. அங்கே விறகை எடை போட்டு விற்பதில்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால் ஒரு 'ஸ்தேர்'. ஓக் மரம் நன்றாகக் காய இரண்டு ஆண்டு ஆகும். பச்சை விறகு வாங்கினால் புகைதான் மிஞ்சும். புகைபோக்கியைச் சுத்தம் செய்விப்பது குடித்தனக்காரர் பொறுப்பு. பல கிராமத்து வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை கிடையாது. செப்டிக் டாங்குதான். அதைக் காலி செய்யும் செலவும் குடித்தனக்காரர் தலையில்தான். கடைசியாக எப்போது காலி செய்தார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

செப்டம்பரில் வா, ஜூனில் போ!

வீடு நல்ல வீடாக இருக்கலாம். ஒப்பந்தம் நல்லதா?

தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வெற்று வீடு என்றால், தனி ஆளான வீட்டுக்காரர் குறைந்தது 3 ஆண்டுக்கு விட வேண்டும். சாமானோடு விட்டால் குறைந்தது 1 ஆண்டு. இது 1989-ல் வந்த சட்டம். குடித்தனக்காரருக்கு இது ஒரு கோட்டை மாதிரி! வெற்று வீட்டில் இருப்பவரை, ஒப்பந்தம் முடிய 6 மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்காமல் காலி செய்யச் சொல்ல முடியாது. அதற்கும் காரணம் வேண்டும். வீட்டை விற்க வேண்டும், அல்லது தாமே குடிவர வேண்டும், அல்லது வாடகை கட்டாதது போன்ற தக்க காரணம் இருக்க வேண்டும். குடித்தனக்காரரோ 3 மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

இந்தக் கோட்டைக்குள் நுழைய விடாமல் சில வீட்டுக்காரர்கள் தந்திரம் செய்கிறார்கள். முக்கியமாகக் கடற்கரைப் பகுதிகளில்! செப்டம்பரில் வா, ஜூனில் போ என்கிறார்கள். ஏன்? ஜூலையிலும் ஆகஸ்டிலும் உல்லாசப் பயணிகளுக்கு வார வாடகைக்கு விட்டால் கொள்ளை லாபம். ஒன்பது மாத ஒப்பந்தம் மாணவர்களுக்குத்தான் உண்டு. ஆகையால், "இது உங்களுக்கு இரண்டாவது வீடு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போட்டால் 1989 சட்டத்தின் பாதுகாப்புக்கே ஆபத்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்த பிறகு, கோடையில் பெட்டி படுக்கையோடு நடுத்தெருவில் நிற்க வேண்டி வரும்! "பிரதான வசிப்பிடம்" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

இன்னொரு காவலும் உண்டு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வாடகை பாக்கி இருந்தாலும், கோர்ட்டு உத்தரவே இருந்தாலும், குடித்தனக்காரரைப் பொதுவாக வெளியேற்ற முடியாது. (பாக்கி பாக்கிதான், அது ஏறிக்கொண்டே போகும்.) இது வந்த கதை உருக்கமானது. 1954-ம் ஆண்டுக் குளிரில் பாரீஸ் தெருவில் ஒரு பெண் விறைத்துச் செத்தாள். வீட்டை விட்டு வெளியேற்றிய உத்தரவு அவள் கையிலேயே இருந்தது! ஆபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் முறையிட்டார். நாடே அதிர்ந்தது. 1956-ல் சட்டம் வந்தது.

காவல் இவ்வளவு பலமாக இருப்பதால் வீட்டுக்காரர்களும் ஆளைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் கேட்பது வழக்கம். ஜாமீன்தாரரும் கேட்பார்கள். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு 'விசால்' என்ற இலவச ஜாமீன் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பாங்கிக் கணக்கு நகலைக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. "வேறு யாரோ கேட்கிறார்கள், முதலில் கொஞ்சம் பணம் அனுப்பு" என்று ஒருவர் சொன்னால், அது மோசடி என்று எண்ணி விலகிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்துக்கு முன் பணம் வாங்கச் சட்டத்தில் இடம் இல்லை.

சேவல் மீது வழக்கு!

கிராமம் என்றால் அமைதி என்று நினைக்கிறோம். ஓலெரோன் தீவில் மோரீஸ் என்று ஒரு சேவல் இருந்தது. விடியற்காலையில் கூவியது. விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் பக்கத்து வீட்டுத் தம்பதி வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் தீர்ப்பு. சேவலுக்கே வெற்றி! வழக்குப் போட்டவர்கள் 1,000 யூரோ நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. 2021-ல், கிராமத்து ஓசைகளையும் வாசனைகளையும் நாட்டின் சொத்தாக ஏற்றுச் சட்டமே செய்துவிட்டார்கள். கோயில் மணி, மாட்டுச் சாணம் எல்லாம் இதில் சேர்த்தி!

எனவே காலை ஆறு மணிக்கு ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ரொட்டிக் கடை எவ்வளவு தூரம்? பள்ளிக்கூட பஸ் எங்கே நிற்கும்? வீட்டுக்குள் கைப்பேசி எடுக்கிறதா? கல் சுவருக்குள் பல இடங்களில் எடுக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து ஊர் டாக்டருக்குப் போன் செய்து, "புது நோயாளிகளைச் சேர்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். கிராமப்புறத்தில் டாக்டர் பஞ்சம் கடுமை. "இல்லை" என்ற பதிலே பல இடங்களில் வருகிறது. கைக்குழந்தையோ வயதான தாயாரோ உள்ள குடும்பம் இந்த ஒரு கேள்விக்காகவே வீட்டை வேண்டாம் என்று சொல்லலாம்.

சாவி வாங்கும் நாள்

சாவி கொடுக்கும் நாளில் வீட்டின் நிலையை அறை அறையாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அவசரப்படாதீர்கள். கீறல், கறை, மீட்டர் எண், தொட்டியில் உள்ள எண்ணெயின் அளவு எல்லாம் அதில் வர வேண்டும். படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எதையாவது விட்டுவிட்டால் 10 நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். கோடையில் குடிபோனவர்களுக்கு ஒரு சலுகை. குளிர்காலத்தில் சூடாக்கும் பருவம் தொடங்கிய முதல் மாதத்தில், அடுப்பும் கொதிகலனும் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லலாம்.

வெற்று வீட்டுக்கு முன்பணம் ஒரு மாத வாடகைதான். சாமானோடு என்றால் இரண்டு மாதம். காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுத்த பின், வீடு பழைய நிலையில் இருந்தால் ஒரு மாதத்துக்குள் அந்தப் பணம் திரும்பி வர வேண்டும். குறை இருந்தால் இரண்டு மாதம். அதற்கு மேல் தாமதித்தால், ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கை வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்காக உங்கள் புது முகவரியை அவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.