இடுப்பில் ஊன்றும் கை

பிரசவ வலி வயிற்றை மட்டும் பிடிப்பதில்லை. பல பெண்களுக்கு அது முதுகின் அடியில்தான் உயிர்போகிறாற்போல் இழுக்கும். கருப்பை சுருங்குவதையும் அதன் வாய் விரிவதையும் சொல்லும் நரம்புகள், இடுப்பு, முதுகுத் தோலிலிருந்து வரும் நரம்புகளோடு தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் கருப்பையின் வலி முதுகிலும் தெரிகிறது.

இந்த இடுப்பு வலிக்கு மருந்தில்லாத நல்ல உதவி, அழுத்திப் பிடிப்பது. தாய் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதன் சாய்மானத்தைக் கட்டிக்கொள்ளட்டும். கட்டிலைப் பிடித்துக் குனிந்து நிற்கவும் செய்யலாம். பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே கைக்குத் தட்டுப்படும் தட்டையான முக்கோண எலும்பில், உடனிருப்பவர் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்ற வேண்டும். முழங்கையை மடக்காமல் உடல் எடையைக் கொடுத்தால் தோள் சீக்கிரம் சோராது. இன்னொரு கை அவள் இடுப்பின் முன்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். வலி ஏறும்போது அழுத்தி, இறங்கியதும் விட்டுவிட வேண்டும். எவ்வளவு அழுத்தம், சற்று மேலேயா கீழேயா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். பலர், பார்ப்பவர் பயப்படும் அளவுக்கு அழுத்தமாகக் கேட்பார்கள். இடைவேளையில் தோளையும் முதுகையும் மெதுவாகத் தடவிவிட்டாலே போதும்.

அழுத்தம் வலியைத் தணிப்பது ஏன்? இடித்துக்கொண்ட முழங்காலை நாம் நம்மையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அதன் காரணத்தை ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள், தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியைக் குறுக்குகின்றன என்றார்கள். விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நின்றது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், வலி தணிக்க உதவி கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு மசாஜையும் வெந்நீர் ஒத்தடத்தையும் சேர்த்திருக்கிறது.

இதனால் வலி முழுதாகப் போகாது. தாங்க முடிகிற அளவுக்குத் தணியலாம். வலி தணிக்கும் ஊசி வேண்டும் என்று தாய் கேட்டால் அதைத் தடுக்க இதைக் காரணமாக்கக் கூடாது. பிரசவம் முற்றும்போது சிலருக்கு யார் தொட்டாலும் பிடிக்காது. அப்போது கையை எடுத்துவிட வேண்டும். குழந்தையை வெளியே தள்ள மேல்வயிற்றை அமுக்குவது மசாஜ் அல்ல, ஆபத்து. அதே பரிந்துரைகள் அதை வேண்டாம் என்கின்றன. இரத்தப்போக்கோ, விடாத வயிற்று வலியோ இருந்தால் தடவிக்கொண்டு நிற்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கை கொடுக்க ஆள் உள்ளே இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்கலாம் என்பதும் அந்த 2018 பரிந்துரைகளில் உண்டு. அம்மாவோ கணவரோ, பிரசவ அறைக்குள் யார் வரலாம் என்பதை மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு, அவரை ஒன்பதாம் மாதத்திலேயே வீட்டில் அழுத்திப் பழகச் சொல்லுங்கள்.