பாலையிலிருந்து மீண்ட வானூர்தி

நுழையும்முன்

பழம்பொருளைக் காப்பது ஒரு பண்பாட்டுச் செயல். கோயிலையும் ஓலைச்சுவடியையும் காப்பதன் பயனை நாம் எளிதில் உணர்கிறோம். அழிவுக்கென்றே படைக்கப்பட்ட ஒரு போர்க்கருவியையும் அவ்வாறு காக்க வேண்டுமா? அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் தன்னார்வலர்கள் பதினாறு ஆண்டுகள் உழைத்துப் பறக்கச் செய்த ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

போர்க்காலப் படைப்பு

இரண்டாம் உலகப் போரின்போது போயிங் நிறுவனம் வடிவமைத்த பி-29 விமானம் 'சூப்பர்ஃபோர்ட்ரஸ்' எனப் பெயர் பெற்றது. அதன் நீளம் 99 அடி. இறக்கைகளின் விரிவு 141 அடி. உயரே காற்று மெலிந்திருக்கும் என்பதால், வீரர்கள் இருக்கும் அறைகளில் காற்றழுத்தத்தை நிலைநிறுத்தும் அமைப்பு இதில் இருந்தது. மொத்தம் 3,970 விமானங்கள் உருவாயின. அவற்றுள் 1,644 விமானங்கள் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஆலையில் பிறந்தவை. இலங்கையின் திருகோணமலையை அடுத்த சீனன்குடாத் தளத்திலிருந்தும் 1944 ஆகஸ்டு மாதம் பி-29 விமானங்கள் புறப்பட்டுச் சுமத்திராவின் பாலம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கச் சென்றன.

1945 மார்ச்சில் விச்சிட்டா ஆலை படையிடம் ஒப்படைத்த விமானங்களுள் ஒன்றே 'டாக்'. அது போர்முனைக்குச் செல்லவே இல்லை. போருக்குப் பின் அது சேர்ந்த அணியின் விமானங்களுக்கு 'ஸ்னோ ஒயிட்' கதை மாந்தரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஏழு குள்ளர்களுள் ஒருவரின் பெயர் இதற்கு வாய்த்தது.

இலக்காய் நின்ற காலம்

ஜெட் விமானங்கள் வந்ததும் பி-29 பழமையாயிற்று. 1956இல் டாக் கலிபோர்னியாவின் மொகாவி பாலையில் உள்ள சைனா லேக் கடற்படைத் தளத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆயுதங்களைச் சோதிப்போர் குறிபார்க்கும் இலக்காக அங்கே அது நிறுத்தப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் வெயிலில் நின்றும் அது முற்றும் சிதையாமல் தப்பியது. ஈரமற்ற பாலைக் காற்று உலோகத்தில் அரிமானம் பரவாமல் தடுத்தது. ஒருவகையில், அழிக்கக் கொண்டுபோன இடமே அதனைக் காத்தது எனலாம்.

1987இல் டோனி மசோலினி என்பவர் இவ்விமானத்தைக் கண்டறிந்தார். அரசு அதனை விலைக்குத் தர முன்வரவில்லை. மாற்றாக, பி-25 வகை விமானம் ஒன்றைத் தேடிப் புதுப்பித்து அருங்காட்சியகத்திற்கு அளிக்க வேண்டும் என்றது. பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1998இல் டாக் பாலையிலிருந்து வெளியே இழுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, சரக்கு வண்டிகளில் தான் பிறந்த விச்சிட்டாவுக்கே வந்து சேர்ந்தது.

ஒன்றுகூடிய கைகள்

விச்சிட்டா விமானத் தொழிலால் வளர்ந்த நகரம். ஓய்வுபெற்ற பொறியாளர், உலோகத் தொழிலாளர், மின்பணியாளர், முன்னாள் படைவீரர் எனப் பலரும் ஊதியம் கருதாது பணிக்கு வந்தனர். போர்க்காலத்தில் இளம்பெண்ணாய் அவ்வாலையில் பி-29இன் மூக்குப் பகுதிக்கு ரிவெட் ஆணி அறைந்த ஒருவரும் முதுமையில் தன்னார்வலராக வந்து சேர்ந்தார்.

ரிவெட் அறைதல் இருவர் செய்யும் வேலை. வெளியே நிற்பவர் காற்றழுத்தச் சுத்தியால் ஆணியின் தலையை அடிப்பார். உள்ளே இருப்பவர் கனத்த இரும்புக் கட்டியை மறுமுனையில் அழுத்திப் பிடிப்பார். இருவரின் கைகளும் ஒத்துழைத்தால்தான் இரு தகடுகளும் ஒன்றாகும். விமானத்தின் உடல் முழுவதும் இத்தகைய ஒத்துழைப்பின் தடங்களே.

புதுப்பித்தல் என்பது வண்ணம் பூசுவதன்று. காட்சிக்கு வைக்கும் விமானத்திற்குத் தோற்றம் போதும். பறக்கும் விமானத்திற்கு ஒவ்வோர் உறுப்பும் தன் வலிமையை மெய்ப்பிக்க வேண்டும். உறுதியுள்ளவற்றைப் பேணியும், நலிந்தவற்றை அதே அளவில் புதிதாகச் செய்தும் அவர்கள் பணியைத் தொடர்ந்தனர். இடையில் பொருளுதவி குன்றிப் பணி தளர்ந்தது. 2013இல் 'டாக்'ஸ் ஃபிரண்ட்ஸ்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு தோன்றி அதற்குப் புத்துயிர் அளித்தது.

எஞ்சின் எனும் சவால்

பி-29இன் நான்கு எஞ்சின்களும் ரைட் ஆர்-3350 வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் பதினெட்டு உருளைகள், ஒன்பது ஒன்பதாக, முன்னும் பின்னும் இரு வளையங்களாய் அமைந்திருக்கும். ஒவ்வோர் எஞ்சினும் 2,200 குதிரைத்திறன் தர வல்லது.

வலிமையோடு ஆபத்தும் உடன் வந்தது. இவ்வெஞ்சின்களைக் குளிர்விப்பது காற்றே. முன்வளையத்தைக் கடக்கும் காற்று சூடேறிய பின்னரே பின்வளையத்தை அடையும்; ஆகவே பின்னுள்ள உருளைகள் மிகையாகச் சூடேறின. எடையைக் குறைக்க எஞ்சின் உறையில் மக்னீசியக் கலவை பயன்பட்டது. மக்னீசியம் தீப்பற்றினால் அணைப்பது அரிது. 1943 பிப்ரவரி 18 அன்று சியாட்டில் நகரில் சோதனை விமானம் ஒன்று எஞ்சின் தீயால் வீழ்ந்தது. அதில் சென்ற பதினொருவரும் தரையில் இருந்தோர் பலரும் மாண்டனர்.

இப்பாடத்தை மறவாத புதுப்பிப்போர், பழைய எஞ்சின்களை அப்படியே பொருத்தவில்லை. அதே வகையில் பிற்காலத்தில் மேம்படுத்தப்பட்ட இருவேறு எஞ்சின்களின் உறுப்புகளை இணைத்துச் சிறப்பாக உருவாக்கியவற்றைப் பொருத்தினர். 2016 ஜூலை 17 அன்று, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், டாக் மீண்டும் வானில் எழுந்தது. இன்று உலகில் பறக்கும் நிலையிலுள்ள பி-29 விமானங்கள் இரண்டே. மற்றொன்றின் பெயர் 'ஃபிஃபி'.

> தெரியுமா?
> விமானம் நின்றிருக்கும்போது எஞ்சினின் கீழ்ப்புற உருளைகளில் எண்ணெய் வடிந்து தேங்கும். வாயுவைப்போல் எண்ணெய் அழுத்தத்தால் சுருங்காது. அந்நிலையில் எஞ்சினை முடுக்கினால் உள்ளுறுப்புகள் வளைந்துவிடும். ஆகவே முடுக்குமுன் பணியாளர்கள் சுழலியின் இதழ்களைக் கையால் தள்ளிச் சுழற்றி, எண்ணெய் தேங்கியுள்ளதா என அறிவர்.

காக்கத்தான் வேண்டுமா?

1945 மார்ச்சு 9 இரவு தொடங்கி டோக்கியோவில் தீக்குண்டுகளைப் பொழிந்தவை பி-29 விமானங்களே. அவ்வோரிரவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மாண்டனர். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டை வீசியவையும் இவ்வகை விமானங்களே. இத்தகைய கருவி வானில் பறப்பதை வியந்து நோக்கும் கூட்டம், அதன் நிழலில் எரிந்த நகரங்களை மறந்துவிடக் கூடும் என்பது ஒரு சாராரின் அச்சம். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு.

எனினும், கருவியை அழித்தால் குற்றத்தின் சுவடும் அழிந்துவிடும். கண்முன் நிற்கும் பொருள், ஏட்டில் உள்ள எண்ணைக் காட்டிலும் உறுதியான சான்று. குண்டறையின் திறந்த கதவுகளுக்குக் கீழே நிற்கும் ஒரு மாணவர், இங்கிருந்து என்ன விழுந்தது, யார்மீது விழுந்தது எனக் கேட்பாராயின், காத்த பணி பயனுடையதாகும். அவ்வினாவுக்கு முழுமையான விடை தரும் கடமை காத்தவர்களுக்கு உண்டு. விமானத்தின் பெருமையை மட்டும் கூறி, விழுந்த குண்டைக் கூறாது விடுதல் பாதி வரலாறே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. "போர்க்கருவிகளைக் காப்பது அமைதிக்குத் துணை செய்யும்" என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.
2. உங்கள் பகுதியில் பயனின்றிக் கிடக்கும் பழைய இயந்திரம் ஒன்றைப் பற்றி, அதனை இயக்கிய முதியவரிடம் கேட்டறிந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.