உலர்ந்த கண்ணும் கண்ணீர்த் துளைகளும்

கண்ணீர் என்றவுடன் அழுகையே நம் நினைவிற்கு வருகின்றது. இலக்கியம் பயில்வோராகிய நாம் அதனைத் துயரத்தின் அடையாளமாகவே கண்டு பழகியுள்ளோம். ஆயின், அழாத வேளையிலும் கண்ணில் நீர் ஊறிக்கொண்டே இருக்கின்றது. இமைக்குந்தோறும் அந்நீர் விழியின்மேல் மெல்லிய படலமாகப் பரவி, அதனை உலராது காக்கின்றது.

கண்ணாடியின் முன் நின்று, கீழிமையின் மூக்கோரத்தைச் சிறிது வெளியே இழுத்துப் பார்ப்பின், குண்டூசித் தலையினுஞ் சிறிய துளையொன்று தோன்றும். மேலிமையிலும் அத்தகைய துளை உண்டு. கண்ணீர் இத்துளைகள் வழியே நுண்குழாய்களிற் புகுந்து, கண்ணீர்ப்பையை அடைந்து, ஈற்றில் மூக்கினுள் வடிகின்றது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனாலேயே.

முதுமையாலும் சில நோய்களாலும் நீர்ச்சுரப்புக் குறையின், கண் எரியும். மணல் விழுந்தாற்போல் உறுத்தும். சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்றிக் சியோகிரன் 1933ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்தெழுதிய நோய் இத்தகையது. நோய் முற்றின், விழியின் முன்னுள்ள ஒளிபுகு படலம் புண்பட்டுப் பார்வையே குன்றலாம்.

மாரி பொய்த்த ஆண்டில் கமக்காரன் மழையை வருவிக்க இயலாது; குளத்தின் துருசைப் பூட்டி உள்ள நீரைக் காக்கின்றான். வைத்தியர் செய்வதும் அதுவே. செயற்கைக் கண்ணீர்த் துளிகள் போதாதவிடத்து, அவர் வடிகாலாகிய துளைகளை அடைக்கின்றார். அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீதம் 1935இல் துளைகளை மின்சூட்டினாற் சுட்டு மூடும் முறையை எடுத்துரைத்தார். 1975இல் பிறீமன் என்னும் வைத்தியர் சிலிக்கோனாலாய சிற்றடைப்பான்களை விவரித்தார். இவற்றை வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

ஆயினும், துருசை நிலையாக மூடியபின் பெருமழை பெய்யின் குளம் வான் பாயுமன்றோ? அவ்வாறே, சுரப்பு மிகவுங் குறையாதவருக்குத் துளைகளை மூடின், கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். சுட்டு மூடிய துளையை மீண்டுந் திறப்பது எளிதன்று. ஆதலின், சில நாளிற் கரைந்துவிடும் அடைப்பானை முதலில் இட்டுப் பார்ப்பதுண்டு. நன்மை விளைந்து, நீரும் வழியாதாயின் மட்டுமே நிலையான அடைப்புப் பொருந்தும். கண்ணிலோ இமையிலோ அழற்சி இருப்பின் அதனை முன்னர்த் தணித்தல் வேண்டும். அன்றேல், தீங்கு செய்யும் பொருள்களும் நீரோடு கண்ணிலேயே தங்கிவிடும்.

மாணவர் அறிய வேண்டியது மற்றொன்றுண்டு. ஊன்றிப் படிக்கும்போது நாம் இமைப்பது குறைகின்றது; ஆதலின் இடையிடையே நூலினின்றும் கண்ணெடுத்து இமைத்தல் நன்று. மேலும், உலர்ந்த கண் உறுத்தலினாற் சிலவேளை நீரைப் பெருக்குவதும் உண்டு. நீர் வழிகின்றதே, வறட்சி இல்லையென்று தாமே முடிவு செய்யாது, வைத்தியரிடங் காட்டுதலே அறிவுடைமை.