ரேடியோ வானியல் பயில விரும்பும் பிள்ளைகளுக்கு

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பி.யூ.சி. முடித்த பிள்ளை பொறியியலோ வணிகவியலோ படிக்கப்போவதாகச் சொன்னால் யாரும் வியப்பதில்லை. விண்மீன்களைப் பற்றிப் படிக்கப்போவதாகச் சொன்னால் மூன்று கேள்விகள் எழும். எங்கே படிப்பது? எவ்வளவு செலவாகும்? பிழைப்புக்கு வழி உண்டா? வானியலின் ஒரு பிரிவான ரேடியோ வானியலை எடுத்துக்கொண்டு இம்மூன்றுக்கும் விடை காண முயல்கிறோம்.

விண்பொருள்கள் ஒளியை மட்டுமன்றி ரேடியோ அலைகளையும் வெளியிடுகின்றன. பால்வெளியெங்கும் பரவியுள்ள ஹைட்ரஜன் வாயு 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வெளியிடும் அலை அவற்றுள் புகழ்பெற்றது. பூமியை அடையும்போது இவ்வலைகள் மிக மெலிந்துவிடுகின்றன. பெரும்பாலும் கருவியின் சொந்த இரைச்சலே அவற்றைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே ஆண்டெனாவையும் பெருக்கியையும் பயில்வது வானத்தைப் பயில்வதன் ஒரு பகுதியே.

இதற்குச் சான்று பெங்களூரிலேயே உண்டு. 2018இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியாவில் நிறுவிய ஆண்டெனாவைக் கொண்டு, பேரண்டத்தின் முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்தின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தது. சர் சி.வி. ராமன் 1948இல் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அதைச் சோதிக்க முற்பட்டனர். ஆண்டெனாவின் அடியிலுள்ள மண்ணின் சீரற்ற தன்மை அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், 'சரஸ் 3' என்னும் தங்கள் கருவியை 2020இல் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டனர். அறிவிக்கப்பட்ட அத்தடயம் தங்கள் பதிவில் இல்லை என்று 2022இல் வெளியிட்டனர். உலகமே பேசிய ஒரு முடிவைக் கேள்விக்குள்ளாக்கும் துணிவு, கருவியைத் தம் கையால் வடித்தவர்களுக்கு வாய்த்தது.

எங்கே படிப்பது என்னும் கேள்விக்கு இந்நகரமே பாதி விடை. ஆஸ்டின் டவுனிலிருந்து சில கிலோமீட்டரில், கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் உள்ளது. அதுவும் ராமன் நிறுவனமும் இணைந்து, ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய கௌரிபிதனூரில், ஆயிரம் இருமுனை ஆண்டெனாக்களை 'டி' வடிவில் பரப்பித் தொலைநோக்கி அமைத்தன. தமிழ்நாட்டின் உதகையில், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் நிறைவுற்ற தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஈடாக, ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் அது நிற்கிறது. அதனால் அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகி, ஒரே அச்சில் திருப்பி விண்பொருளைத் தொடர முடிகிறது.

பி.எஸ்சி. இயற்பியல், பி.இ. மின்னணுவியல் ஆகிய இரண்டுமே இத்துறைக்கு வாயில்கள். கல்லூரி நாள்களிலேயே அட்டைப்பெட்டியும் அலுமினியத் தாளும் கொண்டு கொம்பு ஆண்டெனா செய்து, பெருக்கியும் கணினி ரேடியோவும் இணைத்துப் பால்வெளியின் ஹைட்ரஜனைப் பதிவுசெய்யும் மாணவர்கள் உண்டு. பின்னர் 'ஜெஸ்ட்' போன்ற நுழைவுத்தேர்வுகள் வழியே முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம்.

செலவைப் பற்றிப் பெற்றோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. கட்டணமும் கடனும் பெரும்பாலும் பட்டப்படிப்போடு முடிகின்றன. ஆய்வு மாணவருக்கு மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. வழக்கமான கல்விக்கடன் திட்டத்தில் திருப்பிச் செலுத்துதல், படிப்புக்காலமும் அதன்மேல் ஓராண்டும் கழிந்த பின்னரே தொடங்கும். பிள்ளை ஆய்வுப் படிப்பைத் தொடர்வதானால், அத்தவணை தொடங்குமுன்பே கிளை மேலாளரிடம் தெரிவித்துத் திட்டமிடுவது நலம். தேவைக்கு மேல் கடன் பெறாதிருப்பது அதனினும் நலம்.

பிழைப்பைப் பற்றிய அச்சமும் வேண்டுவதில்லை. ஆய்வகப் பணி எல்லோருக்கும் கிட்டுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் இரைச்சலிலிருந்து குறிப்பலையைப் பிரித்தெடுக்கும் கணிதமும் நிரலாக்கமும் தகவல்தொடர்பு, ராடார், மருத்துவப் படமாக்கல் ஆகிய துறைகளிலும் பயன்படுகின்றன.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அதையொட்டி ஆராய்ச்சி நிறுவனங்கள் பல, பொதுமக்களுக்குத் தம் கதவுகளைத் திறந்துவைக்கின்றன. பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். முடிவெடுக்கும் முன் கருவிகளை நேரில் பாருங்கள்.