நாவலுக்கு முன்பே வந்துவிடும் பெயர்கள்

அறிவியல் புனைகதையிலும் ஃபேன்டஸியிலும் புதிதாக யாரை வாசிக்கலாம் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் விற்பனைப் பட்டியலையோ, படமாக வந்த நாவலையோதான் பார்க்கிறார்கள். ஒரு பெயர் அந்த இடத்துக்கு வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

லியூ சிஷினையே எடுத்துக்கொள்வோம். சீனாவின் ஷான்சி மாகாணத்தில் மின் நிலையப் பொறியாளராக இருந்தவர். செங்டு நகரிலிருந்து வரும் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் வேர்ல்டு' என்ற சீன இதழில் 1999 முதல் எழுதினார். 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' அதே இதழில் 2006-இல் தொடராக வந்து, 2008-இல் நூலானது. ஆங்கிலத்துக்கு வந்தது 2014-இல். மறு ஆண்டே ஹ்யூகோ விருது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல்முறை. நெட்ஃப்ளிக்ஸ் தொடர் 2024-இல்தான் வந்தது.

அந்த நாவலை மொழிபெயர்த்த கென் லியூவும் நல்ல எழுத்தாளர். 2011-இல் வெளியான அவருடைய 'தி பேப்பர் மெனாஜரி' என்ற சிறுகதை ஹ்யூகோ, நெபுலா, வேர்ல்டு ஃபேன்டஸி ஆகிய மூன்று விருதுகளையும் வென்றது. ஒரே படைப்பு இம்மூன்றையும் பெற்றது அதுவரை நடக்காதது. அவர் மொழிபெயர்த்த ஹாவ் ஜிங்ஃபாங்கின் 'ஃபோல்டிங் பெய்ஜிங்' 2016-இல் ஹ்யூகோ பெற்றது. ஒரு மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தேசத்தின் எழுத்தே திறக்கிறது. என் பார்வையில் இதைவிட நம்பகமான வழி இல்லை.

இன்னொரு வழி சிறுகதை இதழ்கள். டெட் சியாங் இதுவரை நாவலே எழுதவில்லை. 'அரைவல்' படத்துக்கு மூலமான அவருடைய கதை வெளிவந்தது 1998-இல். படம் வந்தது 2016-இல். நாவல் மட்டுமே வாசிப்பவருக்கு அவரைத் தெரியவே வாய்ப்பில்லை. கிளார்க்ஸ்வேர்ல்டு, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் போன்ற இணைய இதழ்களில் கதைகளைக் காசில்லாமல் வாசிக்கலாம். முகவர் யாரும் இல்லாமல் ஒரு புதியவர் நேரே கதை அனுப்பக்கூடிய இடமும் இவைதான். அதனால்தான் 2023 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் வந்து குவிந்து, கிளார்க்ஸ்வேர்ல்டு கதை பெறுவதையே சில காலம் நிறுத்தியது பெரும் வருத்தம் தந்தது. அடைபட்டது புதியவர்களின் வாசல்.

விருதுகளையும் பார்க்கலாம், ஆனால் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. ஹ்யூகோவுக்கு உலக அறிவியல் புனைகதை மாநாட்டு உறுப்பினர்களான வாசகர்கள் வாக்களிக்கிறார்கள். நெபுலாவுக்குச் சக எழுத்தாளர்கள். 2023-இல் செங்டுவில் நடந்த ஹ்யூகோ தேர்வில் ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' காரணம் சொல்லப்படாமல் நீக்கப்பட்டது. அதே நாவல் அந்த ஆண்டு நெபுலாவை வென்றது. குவாங்கை அடையாளம் காண அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. புதிய எழுத்தாளர்களுக்கான அஸ்டவுண்டிங் விருதை அவர் 2020-இலேயே பெற்றிருந்தார்.

நமக்குப் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். இலங்கையின் வஜ்ர சந்திரசேகர பல ஆண்டுகள் சிறுகதைகள் எழுதினார். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸின் புனைகதை ஆசிரியர்களில் ஒருவராகவும் இருந்தார். அவருடைய முதல் நாவல் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' 2023-இல் வந்து, மறு ஆண்டு நெபுலா பெற்றது.

இந்த ஆண்டு இவ்விருதுகளின் சிறுகதை இறுதிப் பட்டியலைத் தேடி எடுங்கள். வென்ற கதையோடு நிறுத்தாமல் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வாசியுங்கள். பிடித்தவரின் பெயரைக் குறித்துவைத்து, அவர் நூல் வரும்போது உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள்.