ஆற்றோரம் நடந்து அருவிக்குப் போவோமா?



நடப்பது நமக்குப் புதிதல்ல. தண்ணிக்கு நடக்கிறோம், விறகுக்கு நடக்கிறோம், காட்டு வேலைக்கு நடக்கிறோம். ஆனால் நமக்காக, நம் சந்தோஷத்துக்காக நடந்தது எத்தனை நாள்? விரலை மடக்கி எண்ணிப் பாருங்க. குழுவில் பத்து வருஷமாகச் சேமிக்கிறவர்களுக்குக்கூட ஒரு கை விரல் மிச்சமிருக்கும். அதனால் இந்த இதழில் வங்கிக் கடனை விட்டுவிட்டு, ஒருநாள் நடையைப் பற்றிப் பேசுகிறோம்.

எங்கே போகலாம்?

தேனி மாவட்டத்தில் கம்பத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் சுருளி அருவி இருக்கிறது. வனத்துறை நுழைவாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு, மரநிழலில் ஆற்றை ஒட்டி நடந்தால் அருவி வந்துவிடும். பெரிய ஏற்றம் இல்லை. வயதானவர்களும் நின்று நின்று, மெதுவாக வரலாம். மேகமலைக் காடுகளில் பெய்யும் மழைதான் இந்த அருவி. இதே தண்ணீர் சுருளியாறாக ஓடி, வயல்களை நனைத்து, வைகையில் போய்ச் சேர்கிறது.

ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்கக் கூட்டம் அதிகம் வரும். நடந்து ரசிக்க வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள். இந்தக் காடு 2021-ல் புலிகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது. யானை நடமாட்டம் இருந்தாலோ வெள்ளம் வந்தாலோ அருவிக்கு விடமாட்டார்கள். எனவே வண்டி பேசுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

இங்கே வெயில், அங்கே மழை

அருவியில் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நம் தலைக்கு மேலே வெயில் அடிக்கும். ஆனால் மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் பல ஓடைகளில் இறங்கி ஒன்றாகச் சேர்ந்து, திடீரென்று கீழே வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் காட்டாற்று வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அதில் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான்.

வெள்ளம் வருமுன் சில அடையாளங்கள் தெரியலாம்:

* தெளிந்த தண்ணீர் கலங்கி, செம்மண் நிறமாகும்.
* இலை, சருகு, குச்சி மிதந்து வரும்.
* அருவியின் இரைச்சல் கூடும்.
* முன்பு தெரிந்த பாறை தண்ணீருக்குள் மறையும்.

இதில் ஒன்றைப் பார்த்தாலும், துணி, செருப்பு, பை எதையும் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஆற்றின் குறுக்கே ஓடாதீங்க. சில சமயம் எந்த அடையாளமும் தெரியாமலே வெள்ளம் வரும். ஆகவே காவலர் "வெளியே வாங்க" என்று சொன்னால், "இன்னும் ஒரு நிமிஷம்" என்று கேட்கக் கூடாது.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது?

நனைந்த சேலை கனக்கும், காலைச் சுற்றித் தடுக்கும். சுடிதார் வசதி. சேலைதான் என்றால் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின்வார் வைத்த செருப்பு நல்லது. பாசி பிடித்த பாறையில் கால் வைக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களும் ஆழம் தெரியாத கசத்தில் இறங்க வேண்டாம்.

புளிசாதம், தயிர்சாதத்தைத் தூக்குவாளியில் கட்டிக்கொள்ளுங்க. பாலித்தீன் பை வேண்டாம். குரங்குக்குச் சாப்பாடு போடாதீர்கள். போட்டுப் பழக்கினால் அடுத்து வருகிறவர்களின் பையைப் பிடுங்கும். மாதவிலக்கு நாளென்றால் நாப்கினும், பயன்படுத்தியதைத் திரும்ப எடுத்து வரக் காகிதமும் பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் போடக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துவாங்க.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குழுவாகப் போவது எப்படி?

செலவுக்குக் குழுச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம். போகிறவர்கள் மட்டும் மாதாமாதம் தனியாகக் கொஞ்சம் போட்டு வரலாம். அதற்கும் கணக்கு எழுதுங்க. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டால், ஒருவர் கண் மற்றவர் மேல் இருக்கும். புறப்படும்போதும் திரும்பும்போதும் தலை எண்ண வேண்டும். சாயங்காலம் இருட்டுவதற்குள் காட்டை விட்டு வந்துவிட வேண்டும்.

"வீட்டை யார் பார்ப்பது?" என்று கேள்வி வரும். ஒருநாள் அடுப்பை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்தால்தானே நம் வேலை எவ்வளவு என்று தெரியும்! கணவரிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அடுத்த குழுக் கூட்டத்தில் கடன் திருப்பம் பேசி முடித்ததும் இதையும் எடுத்துப் பேசுங்க. எந்த நாள், யார் யார், எவ்வளவு பணம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எழுதி வைத்தால்தான் நடக்கும்.